காய்ச்சலை நாள் கணக்கில் பாருங்கள்: தேயிலைத் தோட்டத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“உண தவஸ் கீயத?” என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். காய்ச்சல் எத்தனை நாள் என்கிறார். அம்மா மூன்று என்றார். கட்டிலில் சாய்ந்தபடியே தம்பி நாலு என்றான். நான் ஐந்தாக இருக்கும் என்றேன். கொழும்பில் பஸ் ஏறிய இரவே போனில் அவன் குரல் கம்மியிருந்தது எனக்கு ஞாபகம். டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் ஒரு முறை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் காம்பராவில் (லயம் எனும் வரிசை வீடுகளில் எங்கள் வீடு) ஒரு பழக்கம் வந்துவிட்டது. அம்மா அன்றன்று எடுத்த கொழுந்தின் கிலோவைச் சுவர்க் கலண்டரில் பென்சிலால் எழுதி வைப்பார். பிரட்டுக் கணக்கோடு, அதாவது தோட்டத்து வேலைப் பதிவோடு, மாதக் கடைசியில் சரிபார்க்க வேண்டுமே. அதே கட்டத்தில், வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் ஒரு வட்டம் போட்டு, தொடங்கிய நேரத்தையும் எழுதுகிறோம். இந்த வழிகாட்டி அந்த வட்டத்தைப் பற்றியதுதான். காய்ச்சல் எத்தனை பாகை என்பதைவிட எத்தனையாவது நாள் என்பது பல நோய்களில் முக்கியம். கிருமி நாள் கணக்கில் நகர்கிறது, உடம்பின் எதிர்ப்பும் நாள் கணக்கில் எழுகிறது, ரத்தப் பரிசோதனையும் உரிய நாளில் எடுத்தால்தான் பேசும்.

நான் வைத்தியர் இல்லை. தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இங்கே எழுதுவது ஆஸ்பத்திரிக்குப் பதிலாக அல்ல, ஆஸ்பத்திரிக்கு எப்போது, எதைத் தெரிந்துகொண்டு போவது என்பதற்காக.

வட்டம் போடும் விதம்

நம் ஊர்க் குளிரில் கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது ஏமாற்றும். பீலித் தண்ணீரில் (மலை ஊற்றிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர்) துணி கழுவிவிட்டு வந்த கைக்கு எந்த நெற்றியும் சுடத்தான் செய்யும். பாமசியில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி போதும். 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் பாரன்ஹைட் 100.4, அதற்கு மேல் போனால் காய்ச்சல். முதலில் கண்ட நேரத்திலிருந்து 24 மணித்தியாலம் முதலாம் நாள். செவ்வாய் இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால், புதன் இரவு எட்டு வரை முதலாம் நாள்தான். புதன் காலையிலேயே “இரண்டாம் நாள்” என்று சொன்னால் கணக்கு பிழைத்துவிடும்.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: போன இரண்டு மூன்று வாரத்தில் எங்கே போனார், எதில் இறங்கி நின்றார். கொழும்பிலிருந்து வந்தாரா? கான் (வடிகால்) வெட்டினாரா? மரக்கறித் தோட்டத்தில் சேற்றில் நின்றாரா? விறகுக்குப் போனாரா? சபரிமலைக்கோ வேறு கோவில்களுக்கோ இந்தியா போய் வந்தாரா? கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்று கொடுத்தது. ஆனால் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இங்கே இன்னும் இருக்கிறது. வெளிநாட்டில் கிருமியை வாங்கி வந்த ஒருவர் வாய் திறந்து சொல்லாவிட்டால், இளம் டாக்டர்களுக்கு மலேரியா முதலில் நினைவுக்கு வருவது கஷ்டம்.

முதல் இரண்டு நாள்: உள்ளே நடப்பது

காய்ச்சலை நோய் என்று நினைத்து அதை அணைப்பதிலேயே எல்லோரும் குறியாக இருக்கிறோம். உண்மையில் அது உடம்பு தானே போட்டுக்கொண்ட அடுப்பு. கிருமி உள்ளே வந்ததும் ரத்தத்திலும் திசுக்களிலும் காவல் நிற்கும் வெள்ளணுக்கள் முதலில் பாய்கின்றன. அவை விடும் ரசாயனத் தூதுகள் மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்துக்குப் போய், “இனி 37 போதாது, 39 வரை ஏற்று” என்கின்றன. உடம்பு அந்த அளவை எட்டும்வரை நமக்குக் குளிர்கிறது. தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்குகின்றன. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டுவது அதனால்தான். பிறகு அளவு இறங்கும்போது வியர்த்துக் கொட்டுகிறது. கூடிய சூட்டில் பல கிருமிகள் மெதுவாகப் பெருகுகின்றன, நம் வெள்ளணுக்கள் வேகமாக வேலை செய்கின்றன.

இந்த முதல் படைக்கு ஆள் அடையாளம் தெரியாது. வந்தவன் டெங்குவா, எலிக்காய்ச்சலா, சும்மா தடிமனா என்று பார்க்காமல் எல்லோரையும் ஒரே தடியால் அடிக்கும். அதனால்தான் முதல் இரண்டு நாளில் எல்லாக் காய்ச்சலும் ஒரே மாதிரி இருக்கிறது: தலைவலி, உடம்பு உளைவு, சாப்பாடு பிடிக்காமை. “என்ன காய்ச்சல் டாக்டர்?” என்று முதல் நாளே கேட்டு, அவர் பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போவதில் பிரயோசனம் இல்லை.

அடையாளம் தெரிந்து அடிக்கும் இரண்டாம் படை தயாராகும் இடம் நெறி. கவ்வாத்து வெட்டிய தேயிலைத் தூரில் கால் இடறிக் காயம் பட்டு, இரண்டு நாளில் அரையில், தொடை இடுக்கில், உருண்டையாக நெறி கட்டியது பலருக்கு நடந்திருக்கும். பாட்டி உடனே காலைத் தூக்கிப் பார்ப்பார், அரையைப் பார்க்கமாட்டார். சரியான வைத்தியம் அது. காலிலிருந்து கிருமியின் துண்டுகள் நிணநீர்க் குழாய் வழியாக ஏறி, அரையில் உள்ள நிணநீர்க் கணுவில் காட்டப்படுகின்றன. அங்கே லட்சக்கணக்கான வெள்ளணுக்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவத்தைப் பிடிக்கக்கூடியவை. இந்தக் கிருமிக்குப் பொருந்துகிற ஒன்று அகப்பட்டதும் அது பெருகத் தொடங்குகிறது. பெருகுவதால்தான் வீக்கம். அதன் வாரிசுகளில் ஒரு பகுதி கிருமியைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளை (அன்டிபொடி) செய்து ரத்தத்தில் விடுகிறது. இன்னொரு வகை அணுக்கள் கிருமி புகுந்த நம் சொந்த உயிரணுக்களைத் தேடிக் கொல்கின்றன. புதுக் கிருமிக்கு இதெல்லாம் நடக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தை உயிரோடு கடக்க வைப்பதுதான் பாதி வைத்தியம்.

முதல் இரண்டு நாள்: வெளியே செய்வது

பனடோல் (பரசிட்டமோல்) மட்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த உடம்புக்கு அளவு இன்னும் குறையும். நம் தோட்டத்துப் பெண்களில் பலர் அந்த எடைக்குள்தான், ஆகவே டிஸ்பென்சரியில் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு எடைக் கணக்கு: கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் ஒரு தடவையில் கொடுக்கக்கூடாது. பாணி மருந்தைச் சோற்றுக் கரண்டியால் அளக்காமல், போத்தலோடு வரும் அளவுக் குப்பியால் அளக்க வேண்டும்.

தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு வந்தவன் உடம்பு உளைவு தாங்காமல் டவுனில் ஒரு பாமசியில் “நல்ல வலி மாத்திரை” கேட்டான். கொடுத்தார்கள். டைக்ளோபெனாக். இபுப்ரோபென், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் இதே குடும்பம். இவை வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும். டெங்குவாக இருந்தால் உறையும் வேலைக்கான ப்ளேட்லட் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும். எரிகிற வீட்டின் தண்ணீர்க் குழாயை மூடுகிற மாதிரி. அந்த மாத்திரையைப் போட்ட இரவு அவன் சுகமாகத் தூங்கினான் என்பதுதான் இதில் மோசமான விஷயம். அடுத்த முறையும் அதையே கேட்டிருப்பான்.

அப்புறம் தண்ணீர். வளர்ந்தவருக்கு நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை லீட்டர். கஞ்சி, இளநீர், தோடம்பழச் சாறு, சூப், ஜீவனி (தண்ணீரில் கரைக்கும் உப்பு சீனித் தூள்). வெறும் தண்ணீரை மட்டுமே குடிக்க வைக்காதீர்கள், உப்பும் சீனியும் உடம்புக்கு வேண்டும். ஜீவனிப் பக்கெட் ஒன்றை கொதித்து ஆறிய ஒரு லீட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பக்கெட், அரைக் கிளாஸ் என்று கண்மதிப்பில் கரைத்தால் உப்பு கூடிவிடும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். சிவப்பு, கபில நிறப் பானங்களை இந்த நாட்களில் தவிர்க்கச் சொல்கிறார்கள். வாந்தி எடுத்தால் அது ரத்தமா, குடித்த பானமா என்று தெரியாமல் போகும். அதாவது தேத்தண்ணியும் சேர்த்தித்தான். தேயிலைக்குள்ளேயே பிறந்தவர்களுக்கு இது கொஞ்சம் அநியாயமான கட்டளை. எங்கள் வீட்டில் அம்மா தம்பிக்கு மறைத்துக் கொடுத்தது எனக்குத் தெரியும்.

ஓய்வு பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும் என்பதற்காக இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்குகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், சம்பளம் அப்படி. ஆனால் பனடோல் குறைத்தது சூட்டை மட்டும்தான். சரிவில் ஏறி இறங்கி வியர்த்து, குடிக்கத் தண்ணீரும் இல்லாமல் நிற்கும் உடம்பு மூன்றாம் நாளைக் காலித் தொட்டியோடு சந்திக்கும்.

கர்ப்பிணிகள், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், வயதானவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் முதல் நாளே டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்றாம் நாள்: ரத்தம்

காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் ஃபுல் ப்ளட் கவுண்ட் எடுங்கள். அதில் மூன்று எண்களைப் பாருங்கள். வெள்ளணு: டெங்குவில் பெரும்பாலும் குறையும், எலிக்காய்ச்சல் போன்ற பக்டீரியா நோய்களில் பெரும்பாலும் கூடும். ப்ளேட்லட்: சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. மூன்றாவது எண்ணை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் டாக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஹிமட்டோக்ரிட், பி.சி.வி. என்றும் எழுதியிருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடித்திருக்கும் பங்கு அது. தண்ணீர்ப் பகுதி வெளியே கசிந்தால் ரத்தம் கெட்டியாகி இந்த எண் ஏறும். ஒரு நாள் தாள் மட்டும் போதாது, இன்றைய தாளை நேற்றையதோடு வைத்துப் பார்த்தால்தான் ஏற்ற இறக்கம் தெரியும். பழைய தாளை எறிந்துவிடாதீர்கள்.

டெங்குவுக்கு என்.எஸ்.1 என்று ஒரு பரிசோதனை உண்டு. அது கிருமியின் புரதத்தையே தேடுவது, முதல் நாலைந்து நாளில்தான் நன்றாகப் பிடிக்கும். பிறபொருளெதிரியைத் தேடும் பரிசோதனைகள் அதற்கு மாறாக ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் பயன் தரும், ஏனென்றால் உடம்பு அப்போதுதான் அதைச் செய்து விடத் தொடங்கும். காசு கொடுத்து தப்பான நாளில் எடுத்து, “இல்லை” என்று வந்த தாளை நம்பி வீட்டில் இருப்பதைவிட எடுக்காமலே இருப்பது நல்லது.

நுவரெலியாக் குளிரில் டெங்கு எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. உயரத்தில் நுளம்பு குறைவுதான். ஆனால் நம் பிள்ளைகள் பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ்ஸில் ஏறி வரும்போது கிருமியும் கூடவே ஏறும். கண்டி, மாத்தளைப் பக்கம் இறங்கினால் நுளம்பே தாராளம். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டவர்கள் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள்.

காய்ச்சல் விட்ட நாள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தம்பிக்கு நாலாம் நாள் காலை (பிறகு எண்ணிப் பார்த்ததில் ஐந்து) காய்ச்சல் விட்டது. அம்மா ரசம் வைத்தார். பாட்டி திருநீறு பூசி, அம்மனுக்கு வைத்த நேர்த்தியை நினைவுபடுத்தினார். அவன் இரண்டு வாய் சாப்பிட்டு, வயிறு வலிக்கிறது என்று திரும்பிப் படுத்தான். பின்னேரம் நான் போர்வையை இழுத்துவிடும்போது கால் விரல்கள் பீலியில் நின்ற கால் மாதிரி சில்லென்று இருந்தன. நகத்தை அமுக்கி விட்டேன், வெள்ளை நிறம் சீக்கிரம் திரும்பிச் சிவக்கவில்லை. காலையிலிருந்து அவன் சிறுநீர் கழிக்கப் போகவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஓட்டோ கிடைக்கவில்லை, தோட்டத்து லொறியில்தான் கொண்டுபோனோம்.

டெங்குவில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான். இரண்டாம் படை களத்துக்கு வந்து கிருமி குறைகிறது, சூடு இறங்குகிறது. ஆனால் அந்தச் சண்டையின் ரசாயனங்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடுகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் கசிகிறது. குழாய்க்குள் அளவு குறைந்ததும் உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தி, மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புகிறது. சில்லிட்ட கால் அதன் அறிகுறி. ஆள் தெளிவாகப் பேசுவார், “எனக்கு ஒன்றுமில்லை” என்பார். நம்பாதீர்கள்.

இரண்டாம் தடவை டெங்கு வருபவருக்கு இது கூடுதலாக நடக்கக் காரணம் உண்டு. டெங்குக் கிருமி நாலு வகை. முதல் வகைக்கு எதிராக உடம்பு செய்து வைத்த பிறபொருளெதிரி, இரண்டாவது வகையைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. அரைகுறையாகப் பிடித்த கிருமியை வெள்ளணு விழுங்க, அது உள்ளே போய்ச் சுகமாகப் பெருகுகிறது. வீட்டுச் சாவியைக் கள்ளனிடம் நாமே கொடுத்தது போல. ஆகவே “எனக்கு ஏற்கெனவே டெங்கு வந்துவிட்டது” என்பது தைரியம் கொள்ள வேண்டிய செய்தி அல்ல, டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி.

கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, முரசிலோ (பல் ஈறு) மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுதல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, காரணமில்லாத பரபரப்பு அல்லது மயக்கம்: இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

அங்கே போனதும் “சேலைன் ஏற்றுங்கள்” என்று அடம்பிடிக்க வேண்டாம். நானும் பிடித்தேன். கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை. அதற்குப் பிறகு கசிந்த நீர் எல்லாம் தானாகக் குழாய்க்குத் திரும்பும். நடுவில் அள்ளி ஊற்றியிருந்தால் அந்த நேரம் நுரையீரல் நிறைந்து மூச்சுத் திணறும். அதனால்தான் மிஸ் (வார்டுத் தாதி) ஒவ்வொரு மணித்தியாலமும் குடித்ததையும் சிறுநீரையும் அளந்து எழுதுகிறார். கிருமியைக் கொல்ல இதில் மருந்து எதுவும் இல்லை. அளவு பார்த்துக் கொடுக்கும் தண்ணீர்தான் மருந்து. பப்பாசி இலைச் சாறு பற்றிக் கேட்பீர்கள். ப்ளேட்லட் எண் ஏறினாலும் ஏறாவிட்டாலும் உயிரை எடுப்பது கசிவு, அதை எந்த இலையும் அடைக்காது. தம்பி ஆறு நாள் இருந்து நடந்து வெளியே வந்தான்.

டெங்கு இல்லையென்றால்

எலிக்காய்ச்சல். எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரில் வெளியேறும் பக்டீரியா சேற்றிலும் தேங்கிய நீரிலும் நாட்கணக்கில் கிடந்து, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாக ஏறும். வயல் வேலைக்காரர் நோய் என்று சொல்வார்கள், ஆனால் கான் வெட்டுகிறவருக்கும் கரட், லீக்ஸ் பாத்தியில் நிற்பவருக்கும் அதே சேறுதான். பெரும்பாலும் ஐந்து முதல் பதினாலு நாளில் காய்ச்சல் தொடங்கும். கெண்டைக்கால் தசை தொட முடியாமல் வலிக்கும், கண் சிவக்கும். சிறுநீர் குறைந்தாலோ கண் மஞ்சளித்தாலோ சிறுநீரகமும் ஈரலும் தாக்கப்பட்டிருக்கின்றன. டெங்கு போல அல்ல, இதற்கு நேரடி மருந்து உண்டு: பெனிசிலின், டொக்ஸிசைக்ளின். சீக்கிரம் தொடங்கினால் நன்றாகக் கேட்கும். சேற்றில் இறங்கும் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம் டொக்ஸிசைக்ளினைப் பாதுகாப்புக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பி.எச்.ஐ.யிடம், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஆகாது.

உண்ணிக்காய்ச்சல். விறகுக்கு மானாப்புல்லுக்குள் நுழைந்து வருகிறவர்கள், நாயோடு புரளும் பிள்ளைகள். உண்ணியோ, கண்ணுக்கே தெரியாத புல்லுப் பூச்சியோ கடித்த இடத்தில் சில வேளை சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது. அக்குளிலும் அரையிலும் மார்புக்குக் கீழும் ஒளிந்திருக்கும், வெட்கத்தில் யாரும் காட்டமாட்டார்கள். குளிக்க வார்க்கும்போது வீட்டுப் பெண்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு வராது. மலைநாட்டில் காணும் ஒரு வகையில் உள்ளங்கை, உள்ளங்கால்வரை சிவப்புப் புள்ளிகள் படரும். இந்தக் கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே குடியிருப்பது, ஆகவே டவுனில் வாங்கும் அமொக்ஸிசிலின் இதைத் தொடவே தொடாது. ஒரு வாரம் வீணாகப் போகும். டொக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும்.

நெருப்புக்காய்ச்சலும் (டைபொயிட்) மஞ்சட்காமாலையும் (ஹெப்படைட்டிஸ் ஏ) வேறு வழியில் வருபவை, குடிநீரில். நெருப்புக்காய்ச்சல் படிப்படியாக ஏறி இரண்டாம் வாரத்திலும் நிற்கும். முதல் வாரத்தில் ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே நம்பகமான பரிசோதனை. மஞ்சட்காமாலையில் முன்னால் சோர்வும் சாப்பாட்டு வெறுப்பும், பிறகுதான் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேத்தண்ணி) நிறத்தில் சிறுநீரும் மஞ்சள் கண்ணும். கண் மஞ்சளிக்கும் முன்பே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கியிருப்பார். குடித்த நாளுக்கும் நோய்க்கும் இடையில் ஏறத்தாழ நாலு வாரம் ஓடிவிடுவதால், எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. 2007இல் கம்பளையில் பரவியது இந்த வகைதான்.

காய்ச்சல் லேசாக இருந்து இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அது வேறு கணக்கு. சளியைச் சோதிக்கக் கொடுங்கள். காசநோய்க்கு மருந்து ஆறு மாதம், இலவசம். இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்துகிறவர்கள்தான் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடுகிறார்கள்.

பீலித் தண்ணீர்

ஊத்து மேலே இருக்கிறது, குழாய் நேராக வருகிறது, தண்ணீர் பளிங்கு மாதிரி. இதில் என்ன கிருமி என்று கேட்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்து பாருங்கள். நான் பாடசாலைப் பிள்ளைகளோடு நடந்தேன். தேயிலைக்குள் இருபது நிமிடம் ஏறியதும் மேல் லயத்துக் கக்கூஸ் குழி, அதற்கு நாலடி கீழே எங்கள் குழாயின் மூட்டு, ரப்பர் டியூப் சுற்றிக் கட்டியிருந்தது. மழைக்கு அந்த மூட்டு என்ன குடிக்கும் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

கொதிக்க வையுங்கள். குமிழ் நன்றாகப் புரண்ட பிறகு ஒரு நிமிடம். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடும் போதும். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம், 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். விறகு மிச்சம் பிடிக்க “சூடாக்கி” இறக்குவதில் பயன் இல்லை. ஆற வைத்த தண்ணீரைக் கிணற்று வாளிபோல் கையை விட்டு மொள்ளாமல், மூடியுள்ள பாத்திரத்திலிருந்து ஊற்றிக் குடிக்க வேண்டும்.

ஊசி

தடுப்பூசி, இரண்டாம் படைக்குக் கொடுக்கும் ஒத்திகை. கிருமியின் பலவீனமான உருவையோ ஒரு துண்டையோ காட்டினால் நெறி அந்த ஒரு வார வேலையை ஆபத்தில்லாமல் செய்து முடித்து, ஞாபக அணுக்களை வைத்துக்கொள்ளும். உண்மைக் கிருமி வரும்போது ஒரு வாரம் தேவைப்படாது. பிறந்ததும் காசநோய்க்கான பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்க்கான ஊசி, 9 மாதத்திலும் 3 வயதிலும் தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி. நம் தோட்டங்களில் இதைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை, அதற்குக் காரணம் மழையில் குடை பிடித்து லயம் லயமாக ஏறும் மிட்வைஃப்மார். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். தட்டம்மை ஒழிந்தது என்று 2019இல் சான்று வந்து, 2023இல் மீண்டும் தலைகாட்டியது. ஊசி தவறிய பிள்ளைகளை அது தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோர்களை அங்கே மண்டபம் என்ற ஊரின் முகாமில் நிறுத்திவைத்து, அம்மைப்பால் குத்தி, கிருமி பார்த்த பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். ஆடுமாடு போல் நடத்தினார்கள் என்று தாத்தா சொல்வார். ஊசி என்றாலே முகம் சுளிக்கும் கிழவிமாரை நான் அதனால்தான் கேலி செய்வதில்லை.

அம்மை (கொப்புளிப்பான்) போட்டால் வேப்பிலை கட்டுங்கள், வீட்டைச் சுத்தமாக வையுங்கள், அதில் நோயாளியைத் தனியே வைக்கும் நன்மையும் இருக்கிறது. கூடவே வளர்ந்தவர்களுக்கு அம்மை என்றால் முதல் 24 மணித்தியாலத்துக்குள் டாக்டரிடம் போங்கள், கிருமியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை அந்த நேரத்துக்குள்தான் நன்றாக வேலை செய்யும். அம்மாள் கோபிக்கமாட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில்

தமிழும் அரச கரும மொழிதான், அரசியலமைப்பில் 1987இலிருந்து இருக்கிறது. நள்ளிரவில் வார்டில் தமிழ் தெரிந்தவர் இருப்பாரா என்பது வேறு கேள்வி. உரிமையைப் பகலில் கேட்போம், இரவில் இந்த நாலு சிங்களச் சொல் கையில் இருக்கட்டும்: “உண தவஸ் துனய்”, காய்ச்சல் மூன்று நாள். நாலு என்றால் “ஹதரய்”, ஐந்து “பஹய்”. “பட ரிதெனவா”, வயிறு வலிக்கிறது. “வமனெ யனவா”, வாந்தி போகிறது. “முத்ரா யன்னே நே”, சிறுநீர் போகவில்லை. கலண்டர்த் தாளைக் கிழித்தே எடுத்துப் போங்கள், பழைய ரத்தத் தாள்களும் கிளினிக் கொப்பியும் கூட. போட்ட மாத்திரைகளின் காலி அட்டையையும் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

டெங்கு, எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தாலே டாக்டர் அதை அறிவிக்க வேண்டும் என்பது 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை. சில நாளில் பி.எச்.ஐ. உங்கள் லயத்துக்கு வருவார். தண்டம் அடிக்க வருகிறார் என்று பீப்பாய்களை மறைக்க ஓடாதீர்கள். அவர் தேடுவது அடுத்த நோயாளியை.

வண்டி இல்லாவிட்டால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. தோட்டத்தின் பெயர் மட்டும் சொன்னால் போதாது, டிவிசன், லய இலக்கம், பெரிய ரோட்டிலிருந்து திரும்பும் சந்தியின் கோவிலோ கடையோ சொல்லுங்கள். போனை வைத்ததும் ஒரு பையனை டார்ச்சோடு அந்தச் சந்திக்கு ஓட விடுங்கள். பனி இறங்கிய இரவில் எல்லா லயமும் ஒரே மாதிரித்தான் தெரியும்.